கேள்வி கேட்க முடியாத நாற்காலி

2005 ஜனவரி 16 அன்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் நேர்காணல் வந்தது. இராக்கில் இவ்வளவு தவறு நடந்திருக்கிறதே, ஏன் ஒருவரும் பொறுப்பாக்கப்படவில்லை என்பது கேள்வி. பொறுப்புக் கேட்கும் நேரம் ஏற்கெனவே வந்து போய்விட்டது, அதற்குப் பெயர் 2004 தேர்தல் என்று பதில் சொன்னார் புஷ். மக்கள் இரண்டு வேட்பாளர்களையும் பார்த்தார்கள், என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஜனநாயகத்தில் மக்கள் தீர்ப்புக்கு மேல் வேறென்ன? ஆனாலும் அந்தப் பதிலை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஓரிடத்தில் இடிக்கிறது. 2004 நவம்பரில் வாக்குச்சீட்டில் இருந்தது புஷ்ஷும் ஜான் கெர்ரியும். 2002 அக்டோபரில் போருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போட்டவர் அதே கெர்ரி. எந்த உளவுத் தகவலை யார் படித்தார், எதை மறைத்துப் பேசினார், எச்சரிக்கைக் குறிப்பு யார் மேஜையில் கிடந்தது என்பதற்கெல்லாம் அந்தச் சீட்டில் இடம் இல்லை. தேர்தல் ஒரு ஆட்சியை மொத்தமாக ஏற்கும் அல்லது நிராகரிக்கும். ஒரு அதிகாரியின் வேலையை அதனால் தணிக்கை செய்ய முடியாது.

அந்த நேர்காணல் வெளியான இரண்டாம் நாள், ஜனவரி 18 அன்று, கண்டலீசா ரைஸ் செனட்டின் வெளியுறவுக் குழு முன் வந்து உட்கார்ந்தார். காலின் பவல் விலகியதும் புஷ் அவரை வெளியுறவு அமைச்சராக அறிவித்திருந்தார். ஒப்புதல் கிடைப்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை; 100 பேர் கொண்ட செனட்டில் 55 பேர் குடியரசுக் கட்சியினர். எட்டு நாள் கழித்து 85க்கு 13 என்று ஓட்டு விழுந்தது. அந்த 13 பேரைப் பற்றி அன்றும் சரி, பிறகும் சரி, “தோற்கும் என்று தெரிந்தே எதற்கு வீம்பு?” என்ற பேச்சுதான் அதிகம். அது வீம்பு இல்லை என்பது என் வாதம். நான்கு ஆண்டு வேலைக்கு ஒருவரைப் பொறுப்புக் கேட்க செனட்டுக்கு இருந்த ஒரே கதவு அது.

ஒப்புதல் தேவைப்படாத பதவி

ரைஸ் அதற்கு முன் நான்கு ஆண்டுகள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியில், அதிபரின் அறையிலிருந்து சில அடிகளில் அலுவலகம். பாதுகாப்புத் துறை, வெளியுறவுத் துறை, சிஐஏ மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது அவற்றின் வாதங்களைச் சலித்து அதிபர் முன் வைக்க வேண்டியவர் அவர். 1947ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பாதுகாப்புச் சபையை உருவாக்கியது. ஆலோசகர் பதவி 1953இல் ஐசனோவர் ஏற்படுத்திக்கொண்டது. அது அதிபரின் சொந்த ஊழியர் பதவி என்பதால் செனட் ஒப்புதல் கிடையாது. நாடாளுமன்றக் குழு கூப்பிட்டாலும் வர வேண்டிய கட்டாயம் இல்லை. அதிபருக்குச் சொன்ன ஆலோசனை இரகசியம் என்று சொல்லி வெள்ளை மாளிகை மறுத்துவிடும். இராக் போரில் ஒரு சிப்பாய்க்குக்கூடப் பதில் சொல்ல வேண்டாத ஒரு துணைச் செயலர் ஒப்புதலுக்காக நாள் கணக்கில் காத்திருப்பார். போரின் வாதத்தைத் தொகுத்தவருக்கு அந்தப் படிக்கட்டே இல்லை.

செப்டம்பர் 11 ஆணையத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. ரைஸ் வெளிப்படையாகச் சாட்சி சொல்ல முடியாது என்று வெள்ளை மாளிகை வெகுகாலம் பிடிவாதம் பிடித்தது. 2004 மார்ச் இறுதியில்தான் இறங்கி வந்தது, அதுவும் நிபந்தனையோடு: இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது, வெள்ளை மாளிகையிலிருந்து வேறு யாரையும் பகிரங்க சாட்சியத்துக்குக் கூப்பிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 8 அன்று அவர் பேசினார். ஆனால் அந்த ஆணையத்தின் வேலை 2001 தாக்குதலோடு முடிந்துவிடுகிறது. இராக்குக்குள் அது போகவில்லை. செனட்டின் உளவுக் குழு 2004 ஜூலையில் வெளியிட்ட பெரிய அறிக்கையும் உளவு அமைப்புகள் எங்கே பிசகின என்பதைத்தான் சொன்னது. கிடைத்த தகவலை வெள்ளை மாளிகை எப்படிப் பயன்படுத்தியது என்ற பாதியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஆக, 2005 ஜனவரி வரை, இராக்கைப் பற்றி என்ன தெரிந்துகொண்டு என்ன பேசினீர்கள் என்று ரைஸை நேருக்கு நேர் கேட்க ஒரு செனட்டருக்கு வாய்ப்பே வரவில்லை. அமைச்சர் பதவிக்கு அவர் வந்ததால்தான் பழைய பதவியின் கணக்கு மேஜைக்கு வந்தது.

81 மில்லிமீட்டர் குழாய்

கணக்கு என்றால் எந்தக் கணக்கு? மேலோட்டமாக “பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள், இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனால் ரைஸுக்கு வசதியான பதில் தயாராக இருக்கிறது: எல்லா நாட்டு உளவுத் துறையும் அப்படித்தானே நம்பியது. அதனால் கொஞ்சம் குனிந்து ஒரு குழாயைப் பார்க்க வேண்டும்.

2001இல் இராக்குக்குப் போய்க்கொண்டிருந்த அலுமினியக் குழாய்கள் ஜோர்டானில் பிடிபட்டன. 7075-டி6 என்ற உறுதியான கலவை. விட்டம் 81 மி.மீ., நீளம் 900 மி.மீ., சுவரின் கனம் 3.3 மி.மீ., மேலே அரிப்பைத் தடுக்கும் ஆனோடைஸ் பூச்சு. யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குச் சுழலிக்கு என்றது சிஐஏ. எரிசக்தித் துறையின் மையவிலக்கு நிபுணர்கள், அதாவது இந்த இயந்திரத்தைக் கையால் செய்து பழகியவர்கள், அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு என்றார்கள். காரணம் எளிது. சுழலியின் சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும். சுமார் ஒரு மில்லிமீட்டர் போதும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனமான குழாயை அதற்கு வாங்கினால் ஒவ்வொன்றையும் கடைந்து மெலிதாக்க வேண்டும், பூச்சையும் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டமும் தேவைக்குக் குறைவு, நீளமும் சரியில்லை. மாறாக, இராக் பல வருடங்களாகத் தயாரித்துவந்த 81 மி.மீ. ராக்கெட்டுக்கு அதே கலவை, அதே அளவு. அது இத்தாலிய மெடூசா ராக்கெட்டைப் பார்த்துச் செய்த நகல். வெட்டவெளியில் குவித்துவைக்கும் ராக்கெட் துருவேறாமல் இருக்கத்தான் பூச்சு. வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் எரிசக்தித் துறையின் பக்கமே நின்றது. சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பராதே 2003 ஜனவரியிலும் மார்ச்சிலும் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இதைத்தான் சொன்னார்.

இப்போது 2002 செப்டம்பர் 8க்கு வருவோம். அன்று சிஎன்என் தொலைக்காட்சியில் ரைஸ், அந்தக் குழாய்கள் அணு ஆயுதத் திட்டத்துக்கு மட்டுமே உண்மையில் பொருத்தமானவை என்றார். புகையும் துப்பாக்கி, அதாவது கையும் களவுமான சாட்சி, அணுகுண்டின் காளான் மேகமாக இருந்துவிடக் கூடாது என்ற, உலகம் முழுக்கச் சுற்றிய வாக்கியமும் அதே பேட்டியில் வந்ததுதான். நிபுணர்களிடையே சண்டை இருக்கிறது என்பதற்கு ஒரு சொல்கூட அதில் இல்லை. இரண்டு வருடம் கழித்து, 2004 அக்டோபர் 3 அன்று, நியூயார்க் டைம்ஸ் இந்தக் குழாய் விவகாரத்தை விலாவாரியாக எழுதியது. ரைஸின் அலுவலக ஊழியர்களுக்கு எரிசக்தித் துறையின் கருத்து 2001லேயே சொல்லப்பட்டிருந்தது என்றும் அதில் இருந்தது. அன்றைக்கே தொலைக்காட்சியில் ரைஸ் கொடுத்த விளக்கம்: ஒரு கருத்து வேறுபாடு இருந்தது தெரியும், அதன் தன்மை என்ன என்று உண்மையில் தெரியாது.

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அமைப்புகளுக்கு இடையே வேறுபாடு வந்தால் அதன் தன்மையைத் தெரிந்துகொள்வதற்குத்தான் அந்தப் பதவியே. கணக்கில் உதைக்கிறது என்று தெரிந்தும் எங்கே உதைக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்ட தணிக்கையாளருக்கு என்ன மதிப்பெண் கொடுப்போம்? ரைஸ் பொய் சொன்னாரா என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. தெரிந்து மறைத்திருந்தால் ஒரு குற்றம். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்றால் வேலையைச் செய்யவில்லை. இரண்டில் எது உண்மையானாலும் பதவி உயர்வுக்குத் தகுதி ஆகாது.

நைஜர் யுரேனியக் கதையும் இதே ரகம். ஆப்பிரிக்காவில் சதாம் யுரேனியம் வாங்கப் பார்த்தார் என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி 2002 அக்டோபர் 5, 6 தேதிகளில் சிஐஏ வெள்ளை மாளிகைக்குக் குறிப்பு அனுப்பியது; இரண்டாவது குறிப்பு ரைஸுக்கும் போனது. அக்டோபர் 7 சின்சினாட்டி உரையில் அந்த வரி நீக்கப்பட்டது. 2003 ஜனவரி 28 அன்று, நாட்டுக்கு அதிபர் ஆற்றும் ஆண்டு உரையில், பிரிட்டன் சொல்கிறது என்ற முன்னொட்டோடு அதே கதை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ஜூலையில் விவகாரம் வெடித்தபோது ரைஸின் துணை ஆலோசகர் ஸ்டீபன் ஹேட்லி பழியை ஏற்றார். ரைஸும் அந்த மாதக் கடைசியில், முழு நிகழ்வுக்கும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக உணர்வதாகச் சொன்னார். சொன்னதோடு சரி. பொறுப்பேற்கிறேன் என்பது ஒரு விளைவின் தொடக்கமாக இருக்க வேண்டும். இங்கே அது பேச்சை முடித்துவைக்கும் சொல்லாகிவிட்டது.

பேச்சு திரும்பிய இடம்

விசாரணை இரண்டு நாள் நடந்தது. தலைவர் இண்டியானாவின் ரிச்சர்ட் லூகர். எதிர்க்கட்சி வரிசையின் மூத்தவர் ஜோ பைடன். இராக்கில் ஆயுதத் தேடல் முடிந்துவிட்டது என்று ஒரு வாரத்துக்கு முன்புதான் வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டிருந்தது. ஆயுதம் கிடைக்கவில்லை. அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டுமே 1,300 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

கலிபோர்னியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் பார்பரா பாக்ஸர் தயாராக வந்திருந்தார். அவர் கையாண்ட முறையில் பாதி, இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம். தேதி சொன்னார், நிகழ்ச்சியின் பெயர் சொன்னார், சொன்னதை அப்படியே வாசித்தார், பக்கத்தில் முரண்படும் இன்னொரு கூற்றை வைத்தார். சதாம் அடுத்த வருடமே அணு ஆயுதம் வைத்திருப்பார் என்று யாரும் சொல்லவில்லை என்று 2003 ஜூலை 30 அன்று ரைஸ் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். ஆனால் 2002 அக்டோபர் 7 அன்று சின்சினாட்டியில் அதிபர், செறிவூட்டிய யுரேனியம் கைக்குக் கிடைத்தால் ஒரு வருடத்துக்குள் சதாம் அணு ஆயுதம் வைத்திருக்க முடியும் என்றாரே! இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதில் சொல்பவருக்கு நழுவ இடம் குறைவு. குழாய் விவகாரத்தையும் எடுத்தார்.

ஆனால் அதே பேச்சில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. இந்தப் போரை விற்கும்படி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணியின் மீதான விசுவாசம், உண்மை மீதான உங்கள் மதிப்பை மூழ்கடித்துவிட்டது என்று தாம் நம்புவதாகச் சொன்னார் பாக்ஸர். ரைஸ் அதைப் பிடித்துக்கொண்டார். எதற்காகவும் உண்மை மீதான மதிப்பை நான் ஒருபோதும் இழந்ததில்லை, என் நேர்மையைச் சந்தேகிக்காமல் நாம் இதைப் பேசலாம் என்று குரல் இறுகச் சொன்னார். அங்கேதான் விசாரணை தடம் மாறியது. அதுவரை மேஜையில் இருந்தவை தேதிகள், குழாய்கள், குறிப்புகள். அதற்குப் பிறகு ஒரு பெண்மணியின் மானம். மறுநாள் செய்தியில் ஓடியது அந்த உரசல்தான். 81 மில்லிமீட்டரை யாரும் போடவில்லை.

பாக்ஸர் சொன்னது தவறு என்று சொல்ல வரவில்லை. அந்தக் கோபம் நியாயமானது; இறந்த சிப்பாய்களில் கணிசமானவர்கள் அவருடைய மாநிலத்தோடு தொடர்புடையவர்கள் என்பதை அவர் அந்த அறையிலேயே சொன்னார். ஆனால் விசாரணை மேஜையில் நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு ஒரு வெளியேறும் வழி. நீ பொய்யன் என்றால் “இல்லை” என்ற ஒரே சொல்லோடு பதில் முடிந்துவிடும். கூடவே அனுதாபமும் சேரும். எரிசக்தித் துறையின் கருத்து உங்கள் ஊழியர்களுக்கு எந்த மாதம் வந்தது, அதை நீங்கள் எப்போது படித்தீர்கள், படித்த பிறகு செப்டம்பர் 8 பேட்டியைத் திருத்த என்ன செய்தீர்கள் என்று மூன்று கேள்வியை வரிசையாகக் கேட்டால் மூன்றுக்கும் மூன்று பதில் வந்தாக வேண்டும். பதில் வராவிட்டால் அதுவே பதிவாகும். செனட்டர்களுக்குச் சுற்றுக்கு இவ்வளவு நிமிடம் என்று நேரம் அளந்து கொடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதியைச் சொந்தச் சொற்பொழிவுக்கே செலவழித்து, கடைசி நிமிடத்தில் ஒரு கேள்வியை எறிவது எல்லாக் கட்சியிலும் உள்ள வியாதி.

பைடன் எடுத்த ஒரு இழை இதைவிடக் கூர்மையானது. இராக்கியப் படையினர் 1,20,000 பேர் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்றார் ரைஸ். களத்தில் இறக்கக்கூடிய அளவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் 4,000 பேர் இருந்தால் பெரிது என்றார் பைடன். முப்பது மடங்கு வித்தியாசம். பயிற்சி என்றால் என்ன, எத்தனை வாரம், தனியாகச் சண்டை போடுவார்களா என்று துருவினால் உடைந்துபோகும் எண் அது. ஆனால் பைடன் அதைக் கேட்டுவிட்டு, குழுவிலும் சரி, சபையிலும் சரி, ஆதரவாகவே ஓட்டுப் போட்டார். சித்திரவதை முறைகளைப் பற்றிக் கேட்டு நேரடிப் பதில் கிடைக்காத கிறிஸ் டாடும் ஆதரித்தார். குழுவில் 16க்கு 2. எதிர்த்தவர்கள் பாக்ஸர், கெர்ரி இருவர் மட்டுமே. கேட்ட கேள்விக்கு விலை இல்லை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிட்டால் எதற்குப் பதில் சொல்வார்? எனக்கு ஆறாதது இதுதான். ஆதரித்து ஓட்டளிப்பது குற்றமில்லை, ஆனால் பதில் வரும்வரை ஓட்டைக் கையில் வைத்திருக்கலாமே.

ஒன்பது மணி நேரம்

ஜனவரி 20 புஷ் இரண்டாம் முறை பதவியேற்ற நாள். அன்றே ரைஸின் நியமனத்தையும் கைதட்டி முடித்துவிட வேண்டும் என்பது வெள்ளை மாளிகையின் விருப்பம். வேளாண்மை, கல்வி அமைச்சர்களுக்கு அன்று குரல் ஓட்டிலேயே ஒப்புதல் கிடைத்தது. ரைஸுக்குக் கிடைக்கவில்லை, பாக்ஸரும் மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்டும் விவாதம் இல்லாமல் ஓட்டெடுக்கச் சம்மதிக்கவில்லை. செனட்டின் அன்றாட வேலை ஏறக்குறைய முழுவதும் ஒருமித்த சம்மதத்தில் ஓடுகிறது. ஒரே ஒருவர் எழுந்து ஆட்சேபித்தால் அவசரக் கதவு மூடிக்கொள்ளும். அதற்கு மேல் அன்றைய விதிப்படி வரம்பில்லாமல் பேசிக்கொண்டே இழுக்கவும் முடியும். நிறுத்த 60 ஓட்டு வேண்டும். நியமனங்களுக்கு அந்தத் தடையைச் சாதாரணப் பெரும்பான்மையாகக் குறைத்தது 2013 நவம்பரில்தான். எதிர்த்தவர்கள் அந்த ஆயுதத்தை எடுக்கவில்லை. ஜனவரி 25 அன்று ஒன்பது மணி நேர விவாதம், மறுநாள் ஓட்டு என்று ஒப்பந்தம் போட்டார்கள். பவல் அதுவரை பதவியில் இருந்ததால் நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இல்லை. “நாட்டின் பாதுகாப்பு என்னாவது” என்று எழுந்த கூச்சலுக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

87 வயதில் பேர்ட் எழுந்து நின்று அரசியல் சாசனத்தின் இரண்டாம் பிரிவிலிருந்து தொடங்கினார். அமைச்சர்களை நியமிக்க அதிபருக்கு உள்ள அதிகாரம் செனட்டின் ஆலோசனையும் சம்மதமும் பெற்றுத்தான் செல்லும். அதிபர் கேட்டவரைக் கொடுத்துவிட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. முன்கூட்டியே தாக்கும் கோட்பாட்டின் சிற்பிகளில் ஒருவர் ரைஸ், போர் தொடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கும் நாட்டில் அந்தக் கோட்பாடு எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். பேர்டின் சொந்த வரலாறும் மறைக்கக் கூடியதல்ல. இளமையில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானில் இருந்தவர், 1964 குடிமை உரிமைகள் சட்டத்தைத் தடுக்க 14 மணி நேரத்துக்கு மேல் பேசியவர். பிற்காலத்தில் பலமுறை அதற்கு வருந்தியவர். இனப் பிரிவினை கோலோச்சிய அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்து இந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்ணை அவர் எதிர்க்கிறார் என்பதை ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த உறுத்தல் நியாயமானது. ஆனால் சிஐஏ அனுப்பிய அக்டோபர் 6 குறிப்பு என்ன ஆனது என்ற கேள்வி கேட்பவரின் பழைய பாவத்தால் கரைந்துவிடுவதில்லை.

அன்று நன்றாகப் பேசியவர் மிச்சிகனின் கார்ல் லெவின். நைஜர் வரியை எடுத்துக்கொண்டு, பிரிட்டன் அப்படிச் சொன்னது உண்மைதான் என்ற ரைஸின் வாதத்தைப் பிரித்துக் காட்டினார். நம் சொந்த உளவுத் துறை நம்பாத ஒன்றை அடுத்தவர் வாயில் போட்டுச் சொன்னால், எழுத்துப்படி சரி, கேட்பவருக்கு மோசடி. மினசோட்டாவின் மார்க் டேட்டன் பொய் என்ற சொல்லையே பயன்படுத்தினார். தலைப்புச் செய்தியும் அவருக்கே போனது.

அந்த 13 பேரை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஒன்பது பேர் 2002இல் போரையே எதிர்த்தவர்கள்; நியூ ஜெர்சியின் லாட்டன்பர்க் அப்போது செனட்டில் இல்லை. மீதி மூவர், கெர்ரி, டாம் ஹார்க்கின், இவான் பே, போருக்கு அதிகாரம் கொடுத்து ஓட்டுப் போட்டவர்கள். இண்டியானாவின் பே எந்த வகையிலும் தீவிரர் இல்லை. அவர் வாதம் கொள்கையைப் பற்றியே அல்ல: போதிய படை இல்லாமல் போனது, இராக்கிய ராணுவத்தைக் கலைத்தது, ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைகள், செய்தவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ரைஸ் இதில் வெறும் பார்வையாளரும் அல்ல. 2003 அக்டோபரில் இராக் சீரமைப்பை ஒருங்கிணைக்க அமைத்த குழுவே அவர் தலைமையில்தான் இருந்தது. மறுபக்கம், 2002இல் போரை எதிர்த்த ரஸ் ஃபைன்கோல்ட், அதிபருக்கு வேண்டியவரை அவர் வைத்துக்கொள்ளட்டும் என்ற மரபுப்படி ஆதரித்தார்.

அந்த மரபை நான் மதிக்கிறேன். வெளியுறவுக் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக அமைச்சரை மறுத்தால் எந்த அதிபராலும் ஆள முடியாது. கொள்கைக்குத் தேர்தல் இருக்கிறது. ஆனால் கொள்கை வேறு, வேலைத்தரம் வேறு. குழாயின் சுவர்க் கனம் கொள்கை அல்ல. இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் 85 பேரில் பலர் வழுக்கினார்கள். செனட்டும் சுத்தமில்லை. 2002 அக்டோபரில் 90 பக்கத்துக்கு மேற்பட்ட உளவு மதிப்பீடு பாதுகாப்பு அறையில் திறந்துதான் இருந்தது. எரிசக்தித் துறையின் மாற்றுக் கருத்து அதற்குள் அச்சாகியும் இருந்தது. சுருக்கத்தைத் தாண்டி அதைப் படித்த செனட்டர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை என்று 2004இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. ரைஸை அழுத்திக் கேட்டால் நீங்கள் படித்தீர்களா என்ற கேள்வி திரும்பி வரும். பலர் மென்மையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

13 எதிர்ப்பு ஓட்டு என்பது சிறிய எண் போலத் தெரியும். 1825இல் ஹென்றி கிளேக்கு எதிராக 14 விழுந்த பிறகு, 2005 வரை எந்த வெளியுறவு அமைச்சருக்கும் அவ்வளவு எதிர்ப்பு வந்ததில்லை. வியட்நாம் சூட்டில் கிஸிஞ்சருக்கே 7தான். அடுத்த வாரம், பிப்ரவரி 3 அன்று, அல்பர்ட்டோ கொன்சாலெஸ் அட்டர்னி ஜெனரல் ஆனபோது எதிர்ப்பு 36ஆக ஏறியது. ரைஸ் ஓட்டில் கிடைத்த தைரியத்துக்கு இதில் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

அதே பெயர், வேறு ஆள்

ஜனவரி 26 மாலையே ரைஸ் பதவியேற்றார். அவர் காலி செய்த ஆலோசகர் நாற்காலிக்கு வந்தவர் ஸ்டீபன் ஹேட்லி, நைஜர் வரிக்குப் பழியை ஏற்ற அதே ஹேட்லி. விசாரணை இல்லை, ஓட்டு இல்லை. சில வாரங்களுக்கு முன்பு, 2004 டிசம்பர் 14 அன்று, சிஐஏ தலைவராக இருந்த டெனட்டுக்கும், இராக்கிய ராணுவத்தைக் கலைத்த பிரெமருக்கும், படையை நடத்திய டாமி ஃபிராங்க்ஸுக்கும் அதிபர் நாட்டின் உயரிய குடிமக்கள் பதக்கத்தைச் சூட்டியிருந்தார்.

ஆலோசகருக்கும் ஒப்புதல் கட்டாயம் என்று சட்டம் போடலாமே என்று தோன்றும். ரீகன் ஆட்சியின் இரகசிய ஆயுத விற்பனையான இரான்–கான்ட்ரா ஊழலை ஆராய்ந்த டவர் ஆணையம் 1987இல் இதை யோசித்து, வேண்டாம் என்றது. குழு குழுவாகப் போய்ச் சாட்சி சொல்லும் ஆலோசகர் இரண்டாவது வெளியுறவு அமைச்சர் ஆகிவிடுவார், அதிபரும் அவரிடம் மனம் திறந்து பேசமாட்டார் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. அதனால் சட்டத்தை மாற்றுவதைவிட, அப்படிப்பட்டவர் அமைச்சர் பதவிக்கு வரும் நாளில் செனட் செய்ய வேண்டியதைச் செய்தால் போதும் என்பேன். விசாரணைக்கு முன்பே ஆவணங்களைக் கேட்க வேண்டும். தர மறுத்தால் தேதி தள்ளிப்போக வேண்டும். எழுத்துக் கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அதே கேள்வியை எண்ணிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பெரும்பான்மைக் கட்சியில் இரண்டு பேர் துணிந்தாலே இது நடக்கும். 2005இல் அந்த இரண்டு பேர் இல்லை.

2005இல் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன், தேர்தல் தோல்வியின் கசப்பைத் தவிர இந்த விவாதத்துக்கு வேறு காரணம் இல்லை என்று சொல்லி எதிர்த்தவர்களைச் சாடினார். 2012இல் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக அலுவலக வளாகம் தாக்கப்பட்ட பிறகு, செப்டம்பர் 16 ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் உளவுத் துறையின் குறிப்பை வைத்துப் பேசிய, அப்போது ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த சூசன் ரைஸை வெளியுறவு அமைச்சராக விடமாட்டோம் என்று முன்னணியில் நின்றவர்கள் அதே மெக்கெய்னும் லிண்ட்ஸி கிரஹாமும். தொலைக்காட்சியில் சொன்னதற்குப் பொறுப்புக் கேட்கலாம் என்று அப்போது அவர்களுக்குத் தோன்றியது. டிசம்பர் 13 அன்று சூசன் ரைஸ் பெயரை விலக்கிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து ஒபாமா அவரைத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆக்கினார். நியமனத்தில் உடன்பாடில்லை, ஆனாலும் அவரோடு சேர்ந்து பணியாற்ற முயல்வேன் என்று ட்விட்டரில் எழுதினார் மெக்கெய்ன். எதிர்த்து ஓட்டுப் போட அவருக்கு அங்கே ஓட்டே கிடையாது.